சுற்றாடல் விஞ்ஞான வகுப்பும் அதன் விதிகளும்

நம் கல்லூரியின் மேல்வகுப்புகளிற் சுற்றாடல் விஞ்ஞானத்தை ஒரு தனி வகுப்பாக நடத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அண்மைக்காலத்தில் ஆசிரியர் கூட்டங்களிலே பேசப்பட்டு வருகின்றது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றொரு பாடம் உண்டு. மேலே செல்லச் செல்ல அப்பொருள் விஞ்ஞானத்திற் சிறிதும் புவியியலிற் சிறிதுமாகச் சிதறிவிடுகின்றது. அவற்றைத் திரட்டி, நம் குடாநாட்டு மண்ணையும் நீரையும் முன்வைத்துக் கற்பிப்பது நன்றே. எவ்வெப் பொருள்களைச் சேர்ப்பது என்பது பற்றி வாதங்கள் பல நிகழ்ந்துவிட்டன. அவ்வகுப்பை நடத்துதற்குரிய விதிகளைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கக் காணோம். விதிகள்தாமே, வேண்டும்போது எழுதிக்கொள்ளலாம் என்று கருதுவாரும் உளர். யான் அதற்கு உடன்படேன். இவ்வகுப்பு உருப்படுவதும் உருப்படாதொழிவதும் அவ்விதிகளிலேயே தங்கியுள்ளது.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று அன்பர்கள் வினவலாம். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழையன்றி விஞ்ஞானத்தில் எனக்கு வேறு தகுதி யாதுமில்லை என்பது உண்மையே. ஆயினும் இவ்விடயத்தில் ஒரு பிழை செய்தவன் என்ற முறையிற் பேச எனக்கு உரிமையுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணாக்கர் சிலர் ஒரு கண்காட்சிக்காக எட்டுக் கிணறுகளின் நீரைச் சோதித்துச் சுவர்ப்படம் ஒன்று வரைந்தனர். மாசி மாதம் அது. மொழியைத் திருத்தித் தரும்படி படத்தை என்னிடம் கொணர்ந்தனர். கடற்கரையிலிருந்து விலக விலக ஏழு கிணறுகளின் உவர்ப்பு ஒழுங்காகக் குறைந்து வந்தது. எட்டாவது கிணறு மாத்திரம், ஊர் நடுவே இருந்தும், மற்றவற்றுக்கு மேலாக நிமிர்ந்து நின்றது. சந்திப்பிழைகளைத் திருத்திய கையோடு, “தம்பி, இந்த எண்ணும் பிழைபோல இருக்கிறது, பார்த்துத் திருத்தும்” என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. எண்ணை அழித்து, அயற்கிணற்றின் எண்ணுக்கு அண்மித்த வேறொன்றை எழுதினான். படம் அழகாயிற்று, பரிசும் கிடைத்தது. அடுத்த மாதம் கோயில் வீதியில் அக்கிணற்றுக்குரியவரைக் கண்டேன். அவரும் நம் பழைய மாணவரே. “மாஸ்ரர், தை தொடக்கம் எங்கள் கிணறு உவர்க்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் இரவு பகலாகப் பம்பு ஓடுகிறது” என்றார். அந்தப் பிள்ளையின் எண் சரியானது. திருத்திய யான்தான் பிழைத்தேன்.

இது சிறு பிழையன்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நாடு நம் நாடு. வழுக்கையாறும் மாரியிலே மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதுவே நம் கிணற்று நீர். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சிறுவயதிற் கேட்டு வியந்தோம். குடாநாட்டின் அடியெங்கும் ஏறக்குறைய அதே கதைதான். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கொள்ளும் கணக்கு. மேலே 1 அடியை இறைத்து இழந்தால் கீழே எவ்வளவு இழக்கிறோம் என்பதை எட்டாம் தரத்துப் பிள்ளையும் கணக்கிடலாம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் களைப்பறியாது.

உவர் ஒருபுறமிருக்க, தோட்டங்களுக்கு இடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று கிணறுகளிற் சேர்வதை 1980களிலேயே ஆய்வாளர் எழுதியுள்ளனர். ஒரு லீற்றர் குடிநீரில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை; அளந்தாலன்றி அறியவொண்ணாது. சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கையும் நினைவுகூர்க. ஒன்றோடொன்று முரண்பட்ட அறிக்கைகள் வெளிவந்து, குடிப்பதா விடுப்பதா என்று மக்கள் ஆண்டுக்கணக்காகத் தத்தளித்தனர். 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கும்படி கட்டளையிட்டது. அவ்வழக்கு முழுவதும் நீரில் என்ன அளவில் என்ன இருந்தது என்ற எண்களைச் சுற்றியே நடந்தது.

ஆதலின் இவ்வகுப்பின் முதல் விதியாக யான் வேண்டுவது: அளவீடு கிணற்றடியிலேயே, பேனாவினால், கட்டிய கொப்பியில் எழுதப்படல் வேண்டும். பென்சிலும் அழிறப்பரும் ஆகா. பிழையென்று கண்டால் ஒரு கோட்டால் வெட்டி, வெட்டியதற்குக் காரணத்தை அருகில் எழுதுக; வெட்டிய எண் வாசிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஒவ்வாத எண்ணை எழுதியதற்காக எந்த மாணாக்கனுக்கும் புள்ளி குறைத்தலாகாது. ஒவ்வாத எண் வந்தபின் மறுநாள் மீண்டும் சென்று அளந்தவனுக்குப் புள்ளி கூட்டுதல் வேண்டும். இவ்விதி ஆசிரியரையும் கட்டும். தமிழாசிரியரை முக்கியமாகக் கட்டும்.

பிந்திய ஒப்படைகளைப் பற்றி நம் ஆசிரியரிடையே இருவகைக் கொள்கை உண்டு. சிலர் வாசலிலேயே மறுப்பர். சிலர் தவணைமுடிவுவரை பொறுப்பர். கட்டுரைக்குப் பொறுக்கலாம் என்பேன். மழைமானிக்குப் பொறுக்க இயலாது. செவ்வாய்க்கிழமை பெய்த மழையை வெள்ளிக்கிழமை அளக்க ஒருவராலும் ஆகாது. தவறவிட்ட நாளுக்கு எதிரே ‘அளக்கவில்லை’ என்று எழுதுக. அதற்குத் தண்டனை வேண்டா. நண்பனின் கொப்பியைப் பார்த்து எண்ணை நிரப்பியவனுக்கே தண்டனை. கைத்தொலைபேசியிற் படமெடுத்தலை அனுமதிக்கலாம். ஆயின் படம் கொப்பிக்குப் பதிலாகாது.

புள்ளிகளைப் பற்றித்தான் பெற்றோர் முதலில் கேட்பர். பாதிப் புள்ளி களக்கொப்பிக்கும், பாதி பரீட்சைக்கும் என்பது என் கருத்து. சாதாரண தரப் பரீட்சைக்கு இல்லாத பாடத்துக்குச் சனிக்கிழமை காலையை இழப்பதா, ரியூசன் என்னாவது என்ற குரல் எழும். அக்கவலையை இகழமாட்டேன், என் வீட்டிலும் ஒரு பரீட்சைப்பிள்ளை உண்டு. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை இரண்டு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம் என்றே வரையறுப்போம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் பாடசாலைகளில் நடைபெறுகின்றது. பதக்கம் பெறும் பிள்ளைகளைக் கண்டு மகிழ்கின்றேன். ஆயினும் பதக்கத்துக்காக மரம் நடுபவன் அடுத்த கோடையில் அதற்கு நீரூற்றினானா என்று எவரும் கேட்பதில்லை.

நூலறிவு மட்டும் போதாது என்பதை என் பாடத்திலேயே காண்கின்றேன். நொச்சித் திணையின் துறைகளை ஒப்புவிக்கும் மாணாக்கனுக்கு வேலியோரத்து நொச்சியைக் காட்டினால், அது என்ன செடி என்று கேட்கின்றான். அவனுக்கு அதை ஒருநாளும் காட்டாதது என் குற்றமே.

பாதுகாப்பு விதிகளைச் சுருங்கச் சொல்லலாம். பெற்றோரின் கையெழுத்தின்றி ஒருவரும் களத்துக்குச் செல்லலாகாது, கட்டில்லாத கிணற்றை அணுகலாகாது, தனியே செல்லலாகாது. இவற்றினும் நுண்ணியது வேறொன்றுண்டு. கிணறு ஒருவர் வீட்டுச் சொத்து. அதன் நீர் கெட்டதென்று ஊரறிந்தால் காணியின் விலை இறங்கும்; உறவினரும் அங்கே தேநீர் குடிக்கத் தயங்குவர். ஆதலின் வீட்டுக்காரரின் சம்மதம் முதலிற் பெறல் வேண்டும். வெளியிடும் படத்தில் இலக்கம் மாத்திரம் இடலாம். பெயரும் ஒழுங்கையும் கூடா. முடிவை முதலில் அவருக்கே சொல்லுதல் வேண்டும். குழந்தையுள்ள வீட்டில் நைத்திரேற்று மிகுந்திருந்தால் அன்றைக்கே சொல்லுதல் வேண்டும். நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தாற் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் ஆற்றலை இழக்கும். கொதிக்கவைத்தால் தீரும் என்று பலர் நம்புகின்றனர். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகுமேயன்றி நைத்திரேற்று நீங்காது.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். யூபிலிக்கு மண்டபமும் வளைவும் கட்டித் தரும் அன்பர்களை வணங்குகின்றேன். இவ்வகுப்புக்கு வேண்டுவன உங்கள் கிணறுகள். கல்லூரியைச் சூழ்ந்த ஊர்களில் இருபது கிணறுகளைத் தந்தால், மாதத்துக்கொருமுறை பிள்ளைகள் வந்து நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, ஒரு போத்தல் நீர் எடுத்துச் செல்வர். பத்தாண்டுக்குப் பின் இக்கல்லூரி நூல்நிலையத்தில் வேறெங்கும் கிடையாத ஒரு பதிவேடு இருக்கும். இனிப்பான முடிவு மட்டும் வரும் என்று உறுதி கூறமாட்டேன். உவரென்று வந்தாலும் அதை எழுதவிடுங்கள். “தம்பி, அதை எழுதாதையும்” என்று கேளாதிருங்கள்.

முதலாவது கிணறாக என் வீட்டுக் கிணற்றைப் பதிந்துகொள்ளலாம். கட்டு மூன்றடி உயரம். கப்பியும் கயிறும் உண்டு. சனிக்கிழமைகளிற் காலை ஏழு மணிக்குமேற் படலை திறந்திருக்கும்.