பதிவு செய்வது பாதுகாப்பு ஆகாது

2019 ஏப்ரல் 21 காலை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்தை நோக்கி முதுகில் கனத்த பையுடன் ஒருவர் நடந்து வந்தார். வழியில் எதிர்ப்பட்ட சிறுமியின் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே சென்றார். கண்காணிப்புக் கமரா அதை அப்படியே பதிந்து வைத்தது. கொழும்பு ஷங்ரிலா ஹோட்டலின் மின்தூக்கியில் பைகளுடன் நின்ற இருவரும் பதிவானார்கள். தாஜ் சமுத்ரா ஹோட்டலில் குண்டு வெடிக்காததால் வெளியேறிய இன்னொருவரும் கமராவில் தெரிந்தார். சில மணி நேரத்தின் பின் தெஹிவளை விடுதியொன்றில் அந்தக் குண்டுக்கு மேலும் இருவர் பலியாயினர்.

அன்று இலங்கையில் நடந்த உயிர்த்த ஞாயிறு தற்கொலைத் தாக்குதல்களில் உயிரிழந்தோர் 260க்கும் மேல். திருடவந்தவன் கமராவுக்கு அஞ்சுவான். சாகவே வந்தவன் எதற்கு அஞ்சுவான்? 2005 ஜூலை 7 அன்று லண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வரும் காலையிலேயே லூட்டன் ரயில் நிலையக் கமராவில் பதிவானவர்கள்தான். விசாரணைக்குக் கமரா பெரிதும் உதவுகிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விசாரணை தொடங்குவது மரணத்துக்குப் பிறகு.

தடுப்பதற்குரிய தகவல் அரசின் கையில் இருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் சிக்கியிருந்தன. அதற்கும் முன்னர், 2018 நவம்பரில், வவுணதீவில் இரு பொலிஸார் கொல்லப்பட்டபோது முன்னாள் விடுதலைப் புலிப் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பின்னர் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை நடத்திய குழுவைச் சேர்ந்த உண்மைக் கொலையாளிகள் வெளியே நடமாடினார்கள். பழகிய சந்தேகத்தின் பக்கமே திரும்பியிருக்கும் அரசின் பார்வையை எத்தனை கமராக்களாலும் திருத்த முடியாது.

அதே ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சியோன் தேவாலய வாசலில், பையுடன் நின்றவரைச் சந்தேகித்து உள்ளே விடாமல் தடுத்தவர் சபையைச் சேர்ந்த சாதாரண மனிதர். அவர் தம் உயிரைக் கொடுத்தார். சம்பளமும் அதிகாரமும் பெற்றவர்களோ கடிதங்களை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தாக்குதல்களைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ்மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரும் தலா 7.5 கோடி ரூபாவும் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. கடமை தவறியவர்கள் யார் என்பதைத் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது.

எனவே, புதிய கமராக்களின் எண்ணிக்கையைப் பாதுகாப்பு என்று காட்டும் எவரையும் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எச்சரிக்கை வந்தால் அதன்படி செயற்பட வேண்டிய அதிகாரி யார்? அந்தப் பெயரைச் சொல்ல முடியாத அரசு, 2019 ஏப்ரலில் இருந்த இடத்திலேயே இன்னும் இருக்கிறது.