அடுத்த மடிக்கணினி எப்படி இருக்கும்?

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் ஆடு வாங்குவோர், விற்பவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே பல்லைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆப்பிள் நிறுவனம் அடுத்து வெளியிடப்போகும் மடிக்கணினிகளைப் பற்றி ஓயாமல் வதந்திகள் உலவுகின்றன. இங்கும் பல் பார்க்க வழியுண்டு. இயற்பியல்தான் அது.

2020 மார்ச்சில் வந்த மாக்புக் ஏரில் இன்டெல் சில்லு இருந்தது. அதே ஆண்டு நவம்பரில், அதே பெயரில், ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1 உடன் இன்னொன்று வந்தது. இரண்டிலும் மின்கலம் 49.9 வாட்-மணிதான். ஆனால், இணையம் பார்க்கையில் முன்னது 11 மணி நேரமும் பின்னது 15 மணி நேரமும் உழைக்கும் என்றது நிறுவனம். வகுத்துப் பாருங்கள்: சராசரியாக 4.5 வாட், 3.3 வாட்! வெப்பம் குறையவே, உள்ளிருந்த விசிறியும் போயிற்று. மார்ச்சில் வாங்கியவரின் கணினி எட்டே மாதத்தில் பழைய இனமாகிவிட்டது.

இதை முன்பே ஊகித்திருக்க முடியாதா? முடியும். கைபேசிக்குள் விசிறி வைக்க இடமேது? எனவே, சில வாட்டில் இயங்கும் சில்லு முதலில் தேவைப்பட்டது கைபேசிக்குத்தான். எம்1 அந்த வழியில் வந்ததே. ஓசூருக்கு அருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு வேலைக்குச் செல்லும் உங்கள் ஊர் அக்காமார் உருவாக்கும் ஐபோனில், நாளைய மடிக்கணினியின் சாயலைக் காணலாம்.

மின்கலம் பெரிதாகுமா? 100 வாட்-மணியைத் தாண்டும் லித்தியம் மின்கலத்தை விமானத்தில் கொண்டுசெல்லத் தனி அனுமதி வேண்டும். 16 அங்குல மாக்புக் புரோ ஏற்கெனவே அந்த எல்லையில் நிற்கிறது. ஆகவே, இனி வரும் மாற்றம் பெரும்பாலும் மின்சிக்கனத்தில்தான் என்பது என் ஊகம்.

இச்சிக்கனத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. மின்குறிகள் நெடுந்தூரம் ஓடினால் ஆற்றல் வீணாகும் என்று, நினைவகத்தைச் சில்லின் பக்கத்திலேயே நிரந்தரமாகப் பதித்துவிடுகிறார்கள். பின்னால் கூட்டவே முடியாது. 2024 அக்டோபரில் ஏரின் குறைந்தபட்ச நினைவகம் 8 ஜிகாபைட்டிலிருந்து 16 ஆயிற்று. முந்திய மாதம் 8 வாங்கியவர் அதனுடன்தான் காலந்தள்ள வேண்டும். பிற நிறுவனங்களின் மெல்லிய கணினிகள் பலவும் இவ்வழியே செல்கின்றன. வாங்கியவர் திறந்து திருத்த முடியாத கருவியை முழு முன்னேற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

கல்லூரி செல்லும்போது வீட்டில் மடிக்கணினி வாங்கினால், ஆண்டுதோறும் வரும் சிறு மாற்றங்களுக்காகக் காத்திராதீர்கள். சில்லின் இனமே மாறப்போகிறது என்று நிறுவனம் அறிவித்திருந்தால் மட்டும் பொறுத்திருங்கள். கடைக்காரரிடம், "நினைவகத்தைப் பின்னால் கூட்டலாமா?" என்று முதலில் கேளுங்கள். அடுத்து, மின்கலத்தின் வாட்-மணியை அவர் சொல்லும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்.