மீனுக்கும் உண்டு சாப்பாட்டு வேளை

கெண்டை மீனுக்கு இரைப்பையே கிடையாது என்று சொன்னால் நம்புவீர்களா? சத்தியமான வார்த்தை. வாய் உண்டு, நீளமான குடல் உண்டு, நடுவில் நமக்கு இருக்கிறதே ஒரு பை, அது மட்டும் இல்லை. மார்க்கெட்டில் கட்லா, ரோகு, மிர்கால் என்று விலை போகின்றனவே, மூன்றும் இந்த ஜாதிதான். விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திண்ணையில் சாயும் பாக்கியம் அவற்றுக்கு இல்லை. கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றால்தான் உடம்பில் ஒட்டும். ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு பங்கு ஜீரணமாகாமலே வெளியேறிவிடும்.

ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள குளக்காரர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். காலையில் படகில் போய், குளத்தில் வரிசையாக நட்டிருக்கும் மூங்கில் கழிகளில் தவிடும் புண்ணாக்கும் அடைத்த சாக்குகளைத் தொங்கவிடுகிறார்கள். சாக்கின் அடிப்புறம் சின்னச் சின்ன ஓட்டைகள். மீன் வந்து முட்ட முட்டத் தீனி கசிகிறது. கன்று பால் குடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! சாக்கில் மிச்சமிருந்தால் மறுநாள் அளவு குறையும். குளத்துச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறதென்றால் சும்மாவா?

அவ்வப்போது வலை வீசிச் சில மீன்களை நிறுத்தும் பார்க்கிறார்கள். அரைக் கிலோ மீன் ஆயிரம் இருந்தால் மொத்தம் 500 கிலோ; நூற்றுக்கு இரண்டு என்று போட்டால் நாளைக்கு 10 கிலோ தீனி. குஞ்சுகளிடம் இந்தக் கணக்கு செல்லாது. எடைக்கு எடை பார்த்தால் அவைதாம் பெருந்தீனிக்காரர்கள். அதையும் பல வேளையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது பொல்லாதது. கைகலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தம் முதல் வருஷத்துக் கதையைச் சொன்னார். விடியற்காலையில் கரைக்குப் போனால், மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குமாம். "ஐயோ, பசி!" என்று தீனியை வாரி இறைப்பாராம். வெயில் ஏறியதும் மீன்கள் உள்ளே போய்விடும். பசி அடங்கிவிட்டது என்று இவருக்குப் பரம திருப்தி!

பாவம், அவை கேட்டது சோறல்ல, மூச்சு. பகலில் வெயில் பட்டுத் தண்ணீரில் உள்ள பாசி பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவிலோ பாசியும் மீனும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே விடியும் நேரத்தில்தான் பெரும் பஞ்சம். தின்ற மீனுக்கு மூச்சு இன்னும் அதிகம் வேண்டும். தின்னாத தீனி அடியில் அழுகி, இருக்கிற பிராணவாயுவையும் குடித்துவிடும். போதாக்குறைக்கு அம்மோனியா என்ற விஷம் வேறு.

பத்து நாள் இப்படி நடந்தது. பதினோராம் நாள் மேகமூட்டம். அன்றிரவு குளத்தில் பாதி மீன் மல்லாந்து மிதந்தது. முதலாகப் போட்டது அவர் மனைவியின் வளையல்கள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "திட்டியிருந்தால் தேவலை" என்றார்.

இப்போது வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அவர் படகில் கால் வைக்கிறார். நான் போயிருந்த அன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. சாக்குகள் கரையிலேயே கிடந்தன. மீன் இளைத்துவிடாதா என்று கேட்டேன். சில நாள் பட்டினி கிடந்த மீன், மறுபடி தீனி கிடைத்ததும் வேகமாக வளர்ந்து ஓரளவு ஈடுகட்டிக் கொள்ளுமாம்; ஆராய்ச்சிக்காரர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

"இன்றைக்கு அவங்களுக்கு ஏகாதசி" என்று சொல்லிவிட்டு, மறுபடி வானத்தைப் பார்த்தார் பெரியவர்.