0.-க்கும் ஒரு கெடு வேண்டும்

எபிசோடில் நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதிடுறேன்.

போன வருஷம் ஒரு கிளையன்ட்டுக்காக, கோ மொழியில் எழுதின சர்வீஸ் ஒன்றுக்கு வழக்கமான அப்டேட் போட்டேன். பில்ட் பச்சை, டெஸ்ட் பச்சை. மூணு நாளா ஒரு அலர்ட்கூட வரலை. நல்லா ஓடுதுன்னு நினைச்சோம். வாடிக்கையாளர் ஒருவர் போன் பண்ணினப்பதான் தெரிஞ்சது: 500 எரர் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, அலர்ட்தான் ஊமையாகிவிட்டது.

காரணம் சின்னது. ஓப்பன்டெலிமெட்ரியின் எச்டிடிபி மாட்யூலில், ஸ்டேட்டஸ் கோடைக் குறிக்கும் பெயருக்கு நடுவே 'ரெஸ்பான்ஸ்' என்ற சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது. எங்க அலர்ட் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. மாற்றக் காலத்தில் இரண்டு பெயரையும் அனுப்ப ஒரு செட்டிங்கூடத் தந்திருந்தாங்க. ரிலீஸ் நோட்ஸ் படிக்காதது என் தப்பு.

ஏன் படிக்கலை? கோர் லைப்ரரி 2021-லேயே 1.0 ஆயிடுச்சு. கூட வரும் கான்ட்ரிப் மாட்யூல்களில் பலவும் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கா 0.-ல்தான். செமாண்டிக் வெர்ஷனிங் விதிப்படி 0. என்றால் எது வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கோ.மாட் ஃபைலில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வரி. ஒரே குடும்பம், ஒரே வாக்குறுதின்னு நினைச்சுட்டேன்.

தனித்தனி வெர்ஷன் கொடுப்பது சரிதான். தேவைப்பட்டால் சேர்க்கிற ஒவ்வொரு மாட்யூலுக்கும் கோர் அளவுக்கு உறுதி கேட்டால், பராமரிக்கிறவங்க ஓடிப்போயிடுவாங்க. என் புகார் வேற: 0. நிரந்தர விலாசம் ஆகக்கூடாது. "ரெண்டு வருஷம்தான், அப்புறம் ஊருக்குப் போயிடுவோம்"னு வந்து முப்பது வருஷம் ஆன நம்ம அப்பா அம்மா மாதிரி.

குபெர்னெட்டிஸ் இந்தப் பாடத்தைப் படிச்சாச்சு. இன்கிரஸ் 2015-ல் பீட்டாவாக வந்து, 2020-ல்தான் ஸ்டேபிள் ஆனது. அதுக்குள்ள அது புரொடக்‌ஷனில் எங்கும் பரவியாச்சு. 2021-ல், 1.22-ல் பீட்டாவை நீக்கினப்ப பழைய ஃபைல்களை எல்லாம் தேடி மாத்த வேண்டியதாச்சு. இப்போ புது பீட்டா ஏபிஐக்கு ஒன்பது மாசம் அல்லது மூணு ரிலீஸ், எது அதிகமோ அதுதான் கெடு: ஸ்டேபிள் ஆகணும், இல்லன்னா அடுத்த பீட்டாவுக்கு இடம் விடணும். 1.24-லிருந்து புது பீட்டா ஏபிஐ தானாக ஆன் ஆவதும் இல்லை.

மற்ற புராஜெக்ட்களும் இதையே செய்யட்டும். எது மாறலாம், எது வரைக்கும் என்று ஒவ்வொரு மாட்யூலின் ரீட்மீயிலும் முதல் வரியிலேயே எழுதட்டும்.

நாமளும் ரெண்டு வேலை செய்யலாம். இந்த வாரம் உங்க டிபென்டென்சி பட்டியலில் 0. வரிகளை எண்ணிப் பாருங்க. டேட்டா வராமல் நின்றாலும் கத்துகிற மாதிரி ஒரு அலர்ட் வையுங்க. என்னிடம் அது இருந்திருந்தால் மூணு நாள் போயிருக்காது.