குழாய் அல்ல, உறுப்பு

உடலில் ரத்தம் ஓடும் பாதையைத் தமிழில் ரத்தக்குழாய் என்கிறோம். செய்தித்தாளும் மருத்துவரும் நோயாளியும் ஒன்றுபோலப் புழங்கும் சொல் இது. குழாய் என்றதுமே மனம் சில முடிவுகளுக்கு வந்துவிடுகிறது. குழாய் உயிரற்றது, அதற்கென்று தனி வேலை கிடையாது, அடைத்துக்கொண்டால் குத்திவிட வேண்டும், ஒழுகினால் ஒட்ட வேண்டும். சிறுநீரகத்துக்கும் இதேபோல் வடிகட்டி என்ற உவமை இருக்கிறது. உள்ளிருக்கும் வடிகட்டி பழுதானால் வெளியே ஒன்றை வைத்துக் குழாயில் இணைத்தால் போதும் என்று எண்ணுகிறோம். முற்றிய சிறுநீரக நோய் பற்றிய நமது பொதுப்பேச்சு பெரும்பாலும் இவ்விரு உவமைகளின் மீதே நிற்கிறது. இவை நோயாளிகளுக்குத் தீங்கு செய்கின்றன என்பது என் கருத்து. டயாலிசிஸில் இருப்பவர்களின் மரணத்துக்கு முதன்மையான காரணம் இதயமும் ரத்தநாளங்களும் அடையும் கேடுதான். வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையுமல்ல. லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த ரிச்சர்ட் பிரைட், சிறுநீரக நோயால் இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்தபோது, வால்வுகளில் கோளாறு இல்லாதவர்களுக்கும் இதயம் தடித்துப் பெருத்திருப்பதைக் கண்டார். அது குறித்து 1836இல் எழுதினார். மாறிப்போன ரத்தம் மிகச் சிறிய நாளங்களைப் பாதிக்கிறதோ, அதனால் அவற்றின் வழியே ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறதோ என்பது அவர் முன்வைத்த ஊகங்களுள் ஒன்று. நோயாளியின் கையில் ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு, வெறும் கண்ணும் கையும் கொண்டு எட்டிய ஊகம் அது.

அடுத்த சாட்சியம் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து வந்தது. அதுவரை ஒவ்வொரு முறை டயாலிசிஸ் செய்யவும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தது. சில முறைகளில் நாளங்கள் தீர்ந்துபோகும். பெல்டிங் ஸ்க்ரிப்னரும் அவருடைய குழுவினரும் முன்கையின் தமனியையும் சிரையையும் டெஃப்லான் குழாயால் நிரந்தரமாக இணைத்தார்கள். 1960 மார்ச்சில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளிக்கு அது பொருத்தப்பட்டது. சில வாரங்களில் இறந்திருக்க வேண்டிய அவர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். முடிவில் அவர் இறந்தது மாரடைப்பால். சியாட்டிலில் நெடுங்காலம் டயாலிசிஸ் பெற்ற 39 நோயாளிகளின் வரலாற்றை அதே குழுவினர் 1974இல் வெளியிட்டபோது, மரணங்களில் பாதிக்கு மேல் இதய, ரத்தநாள நோய்களால் நேர்ந்தவை என்று தெரிந்தது. வடிகட்டியை மாற்றிவைத்தாயிற்று, நாளமோ உள்ளுக்குள் வேகமாக மூப்படைந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படி என்ற கேள்விக்கு, நாளம் என்பது என்ன என்று முதலில் அறிய வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் வெளியிட்ட ஆய்வு அந்த வழியைத் திறந்தது. அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் முயலின் பெருந்தமனித் துண்டு தளர்ந்து விரிகிறது. ஆனால் அதன் உட்புறத்தில் ஒற்றைச் செல் கனத்தில் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் என்ற படலம் உரசி நீங்கியிருந்தால் விரிவதில்லை. அந்தப் படலம் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து தசைக்குச் செய்தி அனுப்புகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1998இல் நோபல் பரிசும் வந்தது. இங்கே சிறுநீரக நோயாளிக்கு நேர்வது என்ன? நைட்ரிக் ஆக்ஸைடு உருவாவதைத் தடுக்கும் ஏடிஎம்ஏ என்ற பொருள் அவர்களது ரத்தத்தில் தேங்குவதை, 1992இல் லண்டனைச் சேர்ந்த பாட்ரிக் வாலன்ஸும் சகாக்களும் காட்டினார்கள். ரத்தத்தின் விசையை உணர்ந்து விரியவும் சுருங்கவும் தெரிந்த ஓர் உறுப்பு, பேச்சிழந்து போகிறது.

சுவரின் கதை இன்னும் வியப்பானது. சிறுநீரகம் வெளியேற்றாத பாஸ்பேட் ரத்தத்தில் கூடும்போது, அது சுண்ணாம்பு படிவதுபோல் நாளத்தில் தானாகப் படிகிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2000இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதப் பெருந்தமனியின் தசைச் செல்களை, சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் காணும் அளவுக்குப் பாஸ்பேட் உள்ள திரவத்தில் வளர்த்தார்கள். அச்செல்கள் தசைக்குரிய குணங்களை விட்டு, எலும்புச் செல்லின் குணங்களை ஏற்கத் தொடங்கின. நாளம் எலும்பாக முயல்கிறது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், டயாலிசிஸில் இருந்த 20 முதல் 30 வயது வரையிலான 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனிகளில் கால்சியம் படிந்திருந்தது. அந்த வயதில் யாரும் எதிர்பாராத காட்சி அது.

இப்படி விறைத்துப்போன நாளத்தால் வரும் தீங்கு அடைப்பு மட்டுமன்று. நலமான பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் சற்றே விரிந்து ரத்தத்தை ஏந்தி, இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் மெல்ல முன்னே அனுப்புகிறது. விறைத்த தமனியால் அது முடியாது. துடிப்பின் முழு அடியையும் இதயமும் மூளையும் வாங்குகின்றன. டயாலிசிஸ் பெறும் 241 நோயாளிகளிடம் பெருந்தமனியின் விறைப்பை அளந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று, விறைப்பு கூடியவர்களிடையே மரணமும் கூடுதல் என்று 1999இல் அறிவித்தது.

உவமை தவறினால் மருந்தும் தவறும் என்பதற்கு ஸ்டாட்டின் மாத்திரைகள் சான்று. கொழுப்பைக் குறைத்து அடைப்பைத் தடுக்கும் இம்மருந்து மற்றவர்களுக்குப் பேருதவி செய்தது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் புதிதாக அதைத் தொடங்கிப் பார்த்த இரு பெரிய ஆய்வுகள், 2005இல் 1255 பேரிடமும் 2009இல் 2776 பேரிடமும், கொழுப்பு குறைந்ததையே கண்டன. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அடைபட்ட குழாய் என்ற சித்திரத்துக்குள் அவர்களது நோய் முழுவதும் அடங்கவில்லை என்பதே இதன் பொருள்.

குழாய் என்று எண்ணியதால்தானே ஸ்க்ரிப்னரால் டெஃப்லான் குழாயை வைக்க முடிந்தது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உவமை உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அதன் இடத்தைப் பிடித்தது எது என்பதையும் பார்க்க வேண்டும். 1966இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிரேசியாவும் சிமினோவும் அவர்களுடைய சகாக்களும் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் நேராகவே தைத்து இணைக்கும் ஃபிஸ்டுலா முறையை வெளியிட்டார்கள். அன்னியப் பொருளாலான குழாய் இல்லை. தமனியின் வேகத்தை உணர்ந்த சிரை, சில வாரங்களில் தானே விரிந்து, சுவர் தடித்து, ஊசியைத் தாங்கும் நாளமாக முதிர்கிறது. உயிருள்ள ஓர் உறுப்பின் மீது வைத்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு: 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், புதிய ஃபிஸ்டுலாக்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு டயாலிசிஸுக்குத் தகுதியாக முதிரவில்லை. உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தும் அந்த விகிதம் மாறவில்லை. ஏற்கெனவே நோயுற்ற நாளத்திடம் அதன் வாழ்நாளின் மிகப்பெரிய வேலையை நாம் கேட்கிறோம்.

இதையெல்லாம் மருத்துவர்கள் அறிவார்கள். அறியாதது நமது பொதுமொழி. அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். ‘கிரியாட்டினின் எவ்வளவு’ என்று விசாரிக்கும் உறவினர், பாஸ்பேட்டையோ உப்பையோ பற்றிக் கேட்பதில்லை. பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் பருப்பிலுள்ளதைவிட எளிதாக உடலில் ஏறுகின்றன என்பது வீட்டுப் பேச்சில் வருவதில்லை. சிறுநீரகம் தளர்ந்துவருபவரின் முன்கைச் சிரைகளில் கண்டபடி ஊசி குத்துவது, நாளை ஃபிஸ்டுலாவாக வேண்டிய நாளத்தை இன்றே அழிப்பதாகலாம். புறங்கையில் குத்துங்கள் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. குழாய் என்று நினைப்பவருக்கு அது உறைக்காது. இந்தக் கை இல்லாவிட்டால் அந்தக் கை என்பார்.

நம்மிடம் வேறு சொல் இல்லாமலில்லை. நாளம் என்பதற்குத் தாமரைத்தண்டு என்றும் பொருள் உண்டு. அதுவும் உள்ளே துளையுடையதுதான். ஆனால் வளர்வது, வளைவது, வாடுவது. ரத்தநாளம் என்று சொல்லத் தொடங்கினால் நோய் குணமாகிவிடாது. வாடக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைவாவது மிஞ்சும். ஊசியை எடுப்பவருக்கும் உணவைப் பரிமாறுபவருக்கும் அந்த நினைவு தேவைப்படுகிறது.