ஆஸ்பத்திரியில் ஜெபிக்க வருகிறவர்கள்

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு ஆஸ்பத்திரி வார்டில் பார்வையாளர் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு நடுவில் சில நாட்களில் கையில் பைபிளோடு இரண்டு மூன்று பேர் நுழைவார்கள். கட்டில் கட்டிலாக நின்று கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். "மதம் மாத்த வந்துட்டாங்கப்பா" என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பும். அதே வார்டில், பார்க்க ஆளே வராத ஒரு பாட்டி, "நாளைக்கும் வருவீங்களா சாமி?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது சுலபம்.

இதற்கு நல்ல உதாரணம் நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொல்லிமலைக்கு இன்று 70 கொண்டை ஊசி வளைவு எண்ணிக்கொண்டே பஸ்ஸில் ஏறிவிடலாம். ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913இல் அங்கே குடியேறியபோது ரோடு கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் டோலி. ஜெஸ்ஸி டாக்டர் இல்லை. லண்டனில் ஏறக்குறைய ஒரு வருடம் மிஷனரிகளுக்கான மருத்துவப் பயிற்சி எடுத்தவர், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். நரம்புச் சிலந்தி வந்தவர்களின் காலிலிருந்து புழுவைச் சின்னக் குச்சியில் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து உள்ளேயே சீழ் பிடித்துவிடும். தண்ணீருக்குள் இறங்கி மொண்டு குடிப்பதால்தான் இது பரவுகிறது என்று சொல்லி, கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப வைத்தார்கள். (இந்தியா முழுவதும் இந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க 2000ஆம் வருடம் ஆனது!)

கதை இங்கே முடியவில்லை. 1918-19இல் உலகத்தையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா கொல்லிமலைக்கும் ஏறியது. அதற்கு மருந்து லண்டனிலும் இல்லை, சேலத்திலும் இல்லை. பயத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் விட்டு ஓடினார்கள். காய்ச்சலில் கிடந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. பிராண்ட் தம்பதி என்ன செய்தார்கள் தெரியுமா? பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாக எடுத்துப் போய் ஊட்டினார்கள். அவர்களை ஆரம்பத்திலிருந்து எதிர்த்து வந்த ஊர்ப் பூசாரியும் அந்தக் காய்ச்சலில் விழுந்தார். அவர் வீட்டுக்கும் கஞ்சி போனது. சாகும்போது தன் பெண் குழந்தையை அவர் ஒப்படைத்தது இவர்களிடம்தான்.

"அப்படியென்றால் கஞ்சி ஒரு தூண்டில்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. பூசாரியின் சாவுக்குப் பிறகு மலையில் கிறிஸ்தவர்கள் ஆனவர்களும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில் ஒருவர்கூட மாறாதபோதும் பல் பிடுங்குவதும் கட்டுப் போடுவதும் நிற்கவில்லை. வியாபாரமாக இருந்தால் முதல் இரண்டு வருட நஷ்டத்திலேயே கடையை மூடியிருப்பார்கள். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இது புரியும். அங்கே நோயாளியைக் குணமாக்கியது கணக்கில் வருவதில்லை, பார்க்கப் போனதுதான் வருகிறது.

இன்றைக்கு வார்டுக்கு வருகிறவர்களில் சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்ப்பதை விட்டுவிட்டுக் குணமாக்குவேன் என்கிறார்கள். "விசுவாசித்தால் சுகம் உறுதி" என்று ஒரு கேன்சர் நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போனால், சுகம் ஆகாதபோது அந்த மனிதர் என்ன நினைப்பார்? வலியோடு, தன் விசுவாசம் போதவில்லை என்ற குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பார். இதைவிடக் கொடுமை கிடையாது. கட்டிலில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் எழுந்து போக முடியாது என்பதையாவது யோசிக்க வேண்டாமா?

கத்தோலிக்கர்களிடமும் ஒரு பழைய சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் சாகக் கிடப்பவருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுவதை 'அவஸ்தைப்பூசுதல்' என்பார்கள். சாமியார் தெருமுனையில் வந்தாலே வீட்டில் ஒப்பாரி ஆரம்பித்துவிடும்! இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் அது 'நோயில்பூசுதல்' ஆகி, கடுமையான நோயில் இருக்கும் யாரும் பெறலாம் என்று ஆனது. பெயர் மாறினாலும் பயம் முழுசாகப் போய்விட்டதா என்பது சந்தேகம்தான்.

ஆக, நோயாளியின் பக்கத்தில் உட்காருவதற்கும் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் ஆண்டன் பாய்சன் என்ற போதகர், தானே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்து வெளியே வந்தவர், 1925இல் இறையியல் மாணவர்களை அதே மாதிரி ஒரு மருத்துவமனைக்குள் அழைத்துப் போய், புத்தகத்துக்குப் பதிலாக நோயாளிகளைக் கேட்டுப் படிக்கச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சாப்ளின் பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்று தனித் துறையே உண்டு.

அந்த வேலூரில்தான், 1914இல் பிறந்த ஜெஸ்ஸியின் மகன் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். ஒருமுறை ஒரு நோயாளியின் தோளில் கை வைத்துச் சிகிச்சை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டருக்குக் குழப்பம். பக்கத்தில் இருந்தவர் விசாரித்துச் சொன்னார்: பல வருடங்களாக அவரை யாரும் தொட்டதே இல்லையாம்.

இன்றைய ஆஸ்பத்திரி பில்லை எடுத்துப் பாருங்கள். பெட் சார்ஜ், நர்சிங் சார்ஜ், கையுறைக்குக்கூடத் தனி வரி. தோளில் வைத்த கைக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது? பில்லில் வராத வேலைக்கு யாரும் ஆள் போடுவதில்லை. அந்தக் காலியிடத்தில்தான் பயிற்சி இல்லாதவர்கள் பைபிளோடு நுழைகிறார்கள். அவர்களைத் துரத்துவதால் பாட்டிக்கு என்ன லாபம்? சபைகள் நாலு பேரையாவது ஒழுங்காகப் பயிற்சி கொடுத்து அனுப்பட்டும். சேலம் அரசு மருத்துவமனையோ நாமக்கல்லோ, வார்டு நர்ஸிடம் கேட்டுவிட்டு உள்ளே போகட்டும். ஜெபம் பிறகு. முதலில் "சாப்டீங்களா பாட்டி?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரட்டும். பாட்டி மாரியம்மனைப் பற்றியே அரை மணி நேரம் பேசினாலும் கேட்கட்டும். ஜெபம் வேண்டாம் என்று பாட்டி சொன்னால் சரி என்று கிளம்பட்டும், தலையணைக்கு அடியில் துண்டுப் பிரசுரம் எதையும் சொருகாமல்.