சக்கரம் ரெண்டுதான்... ஓட்ட இடம் எங்கே?

மாலை ஐந்தரை மணி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் 'கரகர' என்று ஒரு சத்தம். நான்காவது மாடிப் பையன் ஒரு குட்டிப் பலகை மேல் நின்றபடி, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, கால் தரையில் படாமலேயே தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வருகிறான். "அங்கிள், இதுல மோட்டாரே கிடையாது தெரியுமா?" என்று பெருமை வேறு.

அடுத்த வாரம் அவன் கையில் மாவுக்கட்டு. அதற்கு மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ்: 'வளாகத்துக்குள் சக்கரம் வைத்த எந்த விளையாட்டுப் பொருளுக்கும் அனுமதி இல்லை.' அசோசியேஷனில் கேட்டால், "ரிவர்ஸ் எடுக்கிற கார் முன்னாடி ஒரு குழந்தை வந்து விழுந்தா யார் சார் பொறுப்பு?" என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், தடை அதற்குச் சரியான பதிலா? முதலில் அந்தப் பலகை என்னவென்று பார்த்துவிடுவோம்.

காஸ்டர் போர்டு என்றால் என்ன?

ஸ்கேட்போர்டுக்கு நான்கு சக்கரம். காஸ்டர் போர்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே சக்கரம். பலகையும் ஒரே துண்டு அல்ல. ஒவ்வொரு காலுக்கும் ஒரு சின்னப் பலகை. இரண்டையும் நடுவில் ஒரு முறுக்குத் தண்டு இணைக்கிறது. முன்பலகையை ஒரு பக்கமும் பின்பலகையை மறுபக்கமும் சாய்க்கலாம். விட்டுவிட்டால் தண்டில் உள்ள ஸ்பிரிங் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

2000-களின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சந்தையில் 'தி வேவ்', அடுத்து 'ரிப்ஸ்டிக்' என்ற பெயர்களில் இது பிரபலமானது. நம் ஊர்க் கடைகளிலும் ஆன்லைனிலும் 'வேவ் போர்டு' என்று கேட்டால் கிடைக்கும்.

மோட்டார் இல்லாம எப்படி ஓடுது?

உங்கள் ஆபீஸ் நாற்காலியின் சக்கரத்தைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். இப்படித் தன் அச்சில் சுழலும் சக்கரத்துக்குத்தான் 'காஸ்டர்' என்று பெயர். நாற்காலியில் அந்த அச்சு செங்குத்தாக இருக்கும். இந்தப் போர்டிலோ அதைச் சாய்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். சூட்சுமமே அந்தச் சாய்வில்தான்.

சாய்ந்த அச்சு என்பதால், சக்கரம் நேர்கோட்டை விட்டு விலகும்போது பலகை லேசாக மேலே தூக்கப்படுகிறது. மேலே நிற்பவரின் எடை அதை மறுபடி கீழே அழுத்தி, சக்கரத்தை நேராக்கிவிடுகிறது. அதனால்தான் கண்டபடி சுழலாமல் ஓர் ஒழுங்கில் ஓடுகிறது. பலகையை ஒரு பக்கம் சாய்த்தால், சக்கரமும் அந்தச் சாய்வுக்கு ஏற்பத் திரும்பிக்கொள்கிறது.

சரி, முன்னால் தள்ளுவது யார்? மீனை நினைத்துப் பாருங்கள். வாலைப் பக்கவாட்டில்தான் வீசுகிறது. உடம்போ முன்னால் போகிறது. இங்கேயும் அதே கதை. காலால் பலகையைப் பக்கவாட்டில் தள்ளும்போது, கொஞ்சம் திரும்பியிருக்கும் சக்கரம் நேர் பக்கவாட்டில் வழுக்கிப் போக முடியாது. தான் பார்க்கும் திசையில்தான் உருள முடியும். அதனால் நாம் கொடுக்கும் பக்கவாட்டு விசையின் ஒரு பகுதி முன்னோக்கிய ஓட்டமாக மாறுகிறது. இடது, வலது, இடது, வலது என்று ஆட்டிக்கொண்டே இருந்தால் வேகம் கூடும். ஆட்டுவதை நிறுத்தினால் கொஞ்ச தூரம் உருண்டு நின்றுவிடும். சைக்கிள் மாதிரியே, நின்ற இடத்தில் இதன்மேல் சமநிலையோடு நிற்பது ரொம்பக் கஷ்டம். ஓடினால்தான் நிற்க முடியும்.

குழந்தைக்கு இதில் என்ன லாபம்?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஸ்கூல், டியூஷன், மொபைல் போக நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த 60 நிமிடம் எங்கே கிடைக்கிறது என்று நமக்கே தெரியும்.

காஸ்டர் போர்டில் கால், இடுப்பு, வயிறு, முதுகு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. சமநிலை பழகுகிறது. அதைவிட முக்கியமாக, "போய் எக்சர்சைஸ் பண்ணு" என்று யாரும் விரட்ட வேண்டியதில்லை. ஐந்து முறை விழுந்து, ஆறாவது முறை பத்தடி தூரம் போன குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மறைக்க வேண்டியதில்லை: விழாமல் இதைக் கற்க முடியாது. விழும்போது யாரும் அனிச்சையாகக் கையை ஊன்றுவோம். மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் எலும்பு முறிவுகளில் மணிக்கட்டை ஒட்டிய முறிவும் ஒன்று. வளரும் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டும் அங்கேதான் இருக்கிறது என்பதால் அலட்சியம் கூடாது.

எனவே, போர்டு வாங்கும்போதே இவற்றையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்:

• ஹெல்மெட்: அப்பாவின் பைக் ஹெல்மெட் கனமானது, அளவும் பொருந்தாது. சைக்கிள், ஸ்கேட்டிங்குக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1078. அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட் போடாத ஹெல்மெட்தான்.

• மணிக்கட்டுக் காப்பு: முட்டிக்கும் முழங்கைக்கும் பேட் வாங்குபவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முதலில் வாங்க வேண்டியதில் இதுவும் ஒன்று.

• ஷூ: வெறுங்காலும் செருப்பும் வேண்டவே வேண்டாம். அடிப்பகுதி தட்டையான ஷூ நல்லது.

• வயது: தயாரிப்பாளர்கள் பொதுவாக 8 வயதுக்கு மேல் என்கிறார்கள். ஸ்கேட்போர்டு விஷயத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் ஆலோசனை: 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம், 10 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டினால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு சக்கரப் பலகைக்கும் இதையே பின்பற்றுவது புத்திசாலித்தனம்.

• தரை: இதன் சக்கரம் சின்னது, கடினமானது. ஒரு சின்னக் கல், கொஞ்சம் மணல், பேவர் பிளாக் இடுக்கு போதும். சக்கரம் நின்றுவிடும், குழந்தை முன்னால் பறக்கும். ஈரமான டைல்ஸ் தரையில் வழுக்கும். காய்ந்த, வழவழப்பான சிமென்ட் தரைதான் சரி. சரிவுப் பாதை பழகிய பிறகும் வேண்டாம், ஏனென்றால் இதில் பிரேக் கிடையாது.

முதல் சில நாள் சுவரையோ அம்மா, அப்பா கையையோ பிடித்துக்கொண்டு பழகட்டும். பார்வை காலில் இருக்கக் கூடாது, போகிற வழியில் இருக்க வேண்டும். விழுந்த பிறகு கை வீங்கினாலோ, கோணலாகத் தெரிந்தாலோ எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள்; அசைக்காமல் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போங்கள். தலையில் அடிபட்ட குழந்தை வாந்தி எடுத்தாலோ, மந்தமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைதான்.

அப்போ தடை போட்டது தப்பா?

மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். ஹெல்மெட், காப்பு, ஷூ, மேற்பார்வை நான்கும் பெற்றோர் கையில் இருக்கின்றன. தரை மட்டும் இல்லை. எங்கள் வளாகத்தில் டிரைவ்வே முழுக்க பேவர் பிளாக். வழவழப்பான சிமென்ட் தரை இருக்கும் ஒரே இடம் கார் பார்க்கிங். அந்தப் பையன் அங்கே போனது குறும்பால் அல்ல. வேறு இடம் இல்லாததால்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைகளில் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால், நம்மில் பலர் வசிப்பது அந்த அளவை எட்டாத, முப்பது நாற்பது வீடுகள் கொண்ட வளாகங்களில். அங்கே வீடு வாங்கும்போது கார் பார்க்கிங் எத்தனை என்று கேட்கிறோம். குழந்தை எங்கே விளையாடும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

விளையாடுவது குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு. 1992-லேயே இந்தியா அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் அந்த உரிமையை ஒரே வரியில் எடுத்துவிடுகிறது. தடை போட்டால் குழந்தை பத்திரமாகிவிடுமா? ஒன்று, கேட்டுக்கு வெளியே தெருவில் போய் ஓட்டும். அங்கே ரிவர்ஸ் எடுக்கும் காரைவிட வேகமான வண்டிகள் வரும். இல்லையென்றால் சோபாவில் மொபைலோடு உட்காரும்.

அசோசியேஷனின் கவலையும் உண்மையானது. கார் நகரும் இடத்தில் குழந்தை சக்கரத்தில் இருக்கக் கூடாது, அதில் சமரசம் இல்லை. அதனால்தான் நேரத்தையும் இடத்தையும் பிரிப்பது நல்லது. மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை பார்க்கிங்கின் ஒரு வரிசை மட்டும் காலி. இரண்டு முனையிலும் இரண்டு டிராஃபிக் கோன். ஹெல்மெட், காப்பு போடாத குழந்தைக்கு அனுமதி இல்லை. தினம் ஒரு பெற்றோர் முறை வைத்து நிற்பது. செலவு என்று பார்த்தால் கோன்களும் தினம் ஒரு மணி நேரமும்தான். மொட்டை மாடியை மட்டும் யாரும் யோசனையாகச் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பையனுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. நோட்டீஸ் இன்னும் அப்படியேதான் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அவன் அம்மாவுடையது. "விழுந்தது என் பிள்ளைதானே, நானே நின்னு பார்த்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு மணி நேரம் என் காரை வெளியே நிறுத்த நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.